காப்புறுதி மூலம் உளவளத்துணை பெற முடியுமா? முல்லைத்தீவில் குறைந்த செலவில் எங்கே போகலாம்?

கேட்டவர்: தண்ணிமுறிப்பு

வணக்கம். ஒட்டுசுட்டானுக்கு உட்புறமாக உள்ள கிராமமொன்றில் வசிக்கும் என்னுடைய அக்காவின் பொருட்டு இதனை எழுதுகிறேன். அத்தான் 2009 மே மாதத்தில் காணாமற்போனவர். அன்றிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்த்து, மூத்தவளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, இளையவனை உயர்தரம் வரை கொண்டுவந்துவிட்ட அக்காவுக்கு, பொறுப்புகள் சற்றுக் குறைந்திருக்கும் இந்தக் காலத்திலேதான் உடம்பு குழம்பத் தொடங்கியிருக்கிறது. இரவில் நெஞ்சிடிக்கிறது என்று எழுந்து முற்றத்தில் நடக்கிறார், கைகள் விறைக்கின்றன, கடைகளுக்குக் கொடுப்பதற்காக விடியற்காலையில் இடியப்பம் அவிக்கும்போது, நீத்துப்பெட்டியைக் கையில் பிடித்தபடியே யோசனையில் நின்றுவிடுகிறார், அடுப்பில் தண்ணீர் வற்றிப் பானை கருகுவதும் தெரிவதில்லை.

வவுனியாவில் தனியார் வைத்தியர் ஒருவரிடம் காட்டினோம். ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை, தைரொயிட் எல்லாம் சரியாக இருக்கின்றன என்றும், முறையாகப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் தொடர்ந்து மனம்விட்டுக் கதைப்பதே இப்போது தேவையான சிகிச்சை என்றும் அவர் சொன்னார். விசாரித்துப் பார்த்ததில், தனியாக உளவளத்துணை வழங்குபவர்கள் ஓர் அமர்வுக்குச் சில ஆயிரம் ரூபா கேட்கிறார்கள், அதுவும் வாரந்தோறும் வரவேண்டும் என்கிறார்கள். இடியப்பம் விற்று வாழ்பவருக்கு அது இயலாத காரியம்.

நான் அரச பாடசாலை ஆசிரியை. சம்பளத்திலிருந்து அக்ரஹார காப்புறுதிக்கு மாதந்தோறும் கழிக்கப்படுகிறது. அதனை அக்காவுக்காகப் பயன்படுத்த முடியுமா? இளையவனுக்குப் பாடசாலை வழியாக உள்ள சுரக்ஷா காப்புறுதியால் ஏதேனும் பயன் உண்டா? இரண்டும் இல்லையென்றால், எங்கள் பக்கத்தில் செலவில்லாமல் இந்தச் சேவையைப் பெறுவதற்கு எந்த வாசலில் போய்க் கேட்க வேண்டும்?

இன்னும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அக்கா வைத்தியசாலைக்கு வர மறுப்பதற்குக் காசு மட்டும் காரணமில்லை. மனநலக் கிளினிக்குக்குப் போனால் ஊரார் விசர் என்பார்கள் என்பது ஒன்று. அங்கே போய் இருந்தால், அத்தான் இல்லையென்று தன் வாயாலேயே சொல்ல வைப்பார்கள் என்பது மற்றது. இரண்டாவதைத்தான் என்னால் பேசித் தீர்க்க முடியவில்லை.

பதில் 1: கனகராயன்

வலயக் கல்விப் பணிமனையொன்றில் இந்தப் படிவங்களோடு நீண்டகாலம் வேலை செய்தவன் என்ற வகையில், காப்புறுதிக் கேள்விகளுக்கு மட்டும் விடை தருகிறேன்.

அக்ரஹார என்பது 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகின்ற, அரச ஊழியருக்கான திட்டமாகும். அதில் அடங்குபவர்கள் ஊழியர், அவருடைய வாழ்க்கைத் துணை, தங்கிவாழும் பிள்ளைகள், திருமணமாகாதவராயின் பெற்றோர் ஆகியோரே. உடன்பிறந்தவர்கள் அடங்குவதில்லை. ஆகவே உங்கள் அக்காவை அதில் சேர்க்க வழியில்லை. அக்காவைத் தங்கிவாழ்பவர் என்று காட்டும்படி உங்களுக்கு யாராவது யோசனை சொல்லக்கூடும்; தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம், பின்னர் உங்களுடைய நியாயமான கோரிக்கைகளும் சிக்கலில் மாட்டும்.

அப்படியே அடங்கினாலும் பெரிய பயன் இருந்திராது. இந்தத் திட்டம் விடுதியில் தங்கிப் பெறும் சிகிச்சை, சத்திரசிகிச்சை, மகப்பேறு, மூக்குக்கண்ணாடி போன்றவற்றை மனதில் வைத்து வகுக்கப்பட்டது. வாரம் ஒருமுறை வந்து ஒரு மணிநேரம் கதைத்துவிட்டு வீடு திரும்பும் சிகிச்சைக்கு அதன் படிவங்களில் பொருத்தமான கூடு ஒன்றைக் காண்பது கடினம். 2017இல் ஆரம்பிக்கப்பட்ட சுரக்ஷா மாணவர்களுக்கு உரியது. மாணவன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால், விபத்துக்குள்ளானால், பாரதூரமான நோய் ஏற்பட்டால் உதவும். தாயாரின் உளவளத்துணைக்கு அதில் இடமில்லை.

என்னிடம் இந்தக் கேள்வியோடு வந்தவர்கள் பலர். காப்புறுதியைத் தேடுவதில் மாதங்களைக் கழித்துவிட்டு, கட்டணமே இல்லாத அரச சேவையின் பக்கம் கடைசியாகத்தான் அவர்கள் திரும்புகிறார்கள். அதைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற தாதி

அன்புத் தங்கைக்கு, வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மனநலப் பிரிவுகளில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவள் நான். நீங்கள் எழுதியிருக்கும் நெஞ்சிடி, கைவிறைப்பு, யோசனை ஆகிய மூன்றையும் எங்கள் பெண்களிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். துக்கத்தைத் துக்கம் என்று சொல்ல நேரமில்லாமல் வாழ்ந்தவர்களுக்கு அது உடம்பு வழியாக வெளிப்படுவது வழமை. பிள்ளைகள் ஒருநிலைக்கு வந்த பிறகு வெளிப்படுவதும் புதிதல்ல. இதயத்தையும் தைரொயிட்டையும் முதலில் பரிசோதித்தது மிகச் சரியான செயல்.

இலங்கையில் அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் சேவைக்குக் கட்டணம் இல்லாதபடியால், மனநலச் சிகிச்சைக்கென்று பொதுமக்களுக்கான காப்புறுதி ஒன்று இங்கே உருவாகவேயில்லை. வரிப்பணத்தில் நடக்கும் வைத்தியசாலையே அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. முன்னர் எங்கள் பகுதியிலிருந்து நோயாளர்களைத் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்கோ கொழும்புக்கு அருகிலுள்ள அங்கொடைக்கோ ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஆழிப்பேரலைக்குப் பிறகு 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கையில், இந்தச் சேவை மாவட்டந்தோறும் மக்களுக்குக் கிட்டவாக இருக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. அதன் பிறகு மனநலத்துக்கென்று பயிற்சி பெற்ற வைத்திய அதிகாரிகள் மாவட்டங்களுக்குக் கூடுதலாக வந்தார்கள். போர் முடிந்த கையோடு, செட்டிகுளம் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் அடைபட்டிருந்த வேளையில், வீதிக்கும் கட்டடத்துக்கும் கிடைத்த அனுமதி உளசமூகத் திட்டங்களுக்கு இலகுவில் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் இந்தச் சேவை இன்றும் மெலிந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

உங்களுக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. முதலாவது, மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலை. மனநலக் கிளினிக் எந்தக் கிழமையில் நடக்கிறது என்பதைத் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு புறப்படுங்கள், ஏனென்றால் வைத்தியர்களின் இடமாற்றத்தோடு நாட்களும் மாறும். அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி ஒரு கடிதம் எழுதுவித்துக்கொண்டு போனால் நல்லது. தனியார் வைத்தியர் செய்வித்த ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கையோடு கொண்டு போங்கள், அவற்றை மறுபடியும் செய்விக்கும் அலைச்சல் இருக்காது.

அங்கே ஒரு விடயத்தைத் தெளிவாகக் கேட்க வேண்டும். கிளினிக் நாளில் வைத்தியருக்கு முன்னால் நீண்ட வரிசை இருக்கும். முதல் நாள் வரலாறு எடுப்பதற்கு நேரம் ஒதுக்குவார்கள். அதன் பிறகு மருந்து, அடுத்த திகதி என்று சுருங்கிவிடும். ஆதலால், மருந்து தேவையென்றால் எடுக்கத் தயார், ஆனால் தொடர்ந்து கதைப்பதற்கு ஒருவரும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். மனநலப் பிரிவில் வைத்தியரைத் தவிர மனநலத் தாதியோ, சமூகப் பணியாளரோ, உளசமூக உத்தியோகத்தரோ இருப்பார்கள். இடத்துக்கு இடம் இது வேறுபடும். கிளினிக் நெரிசல் இல்லாத வேறொரு நாளில் அவர்களிடம் நேரம் கேட்டுப் பெறலாம். கேட்காதவர்களுக்கு மருந்துக் கொப்பி மட்டுமே கிடைக்கும். இது குறைதான், ஆனால் அறிந்து வைத்திருந்தால் தாண்டக்கூடிய குறை.

இரண்டாவது வாசல் உங்கள் பிரதேச செயலகம். அங்கே உளவளத்துணைக்கென்று நியமிக்கப்பட்ட உத்தியோகத்தர் இருப்பார், கட்டணம் இல்லை, வைத்தியரின் கடிதமும் வேண்டியதில்லை. ஊரார் கண்ணைப் பற்றிய அச்சத்துக்கு இது நல்ல வழி, ஏனென்றால் பிரதேச செயலகத்துக்கு ஆயிரம் அலுவல்களுக்காக ஆட்கள் போய் வருகிறார்கள், எதற்குப் போனாய் என்று எவரும் கேட்க மாட்டார்கள். வேண்டினால் வீட்டுக்கும் வருவார்கள். ஆனால் அரச மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து படலையில் நிற்பதை அயலார் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை அக்காவே தீர்மானிக்கட்டும்.

இனி அவருடைய இரண்டாவது அச்சத்துக்கு வருகிறேன். மனநலக் கிளினிக்கில் அவரிடம் எவரும் மரணச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். கணவர் இருக்கிறாரா இல்லையா என்று அவர் முடிவு சொல்லித்தான் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. காணாமற்போனவருடைய மனைவியின் துயரம் மரண வீட்டின் துயரத்திலிருந்து வேறானது; எட்டுச் செலவும் அந்தியேட்டியும் செய்து முடிக்க முடியாத துயரம் அது. பயிற்சி பெற்றவர்கள் இதனை அறிவார்கள். அவர் நாளை வரக்கூடும் என்ற நம்பிக்கையை வைத்துக்கொண்டே, இன்றிரவு நித்திரை கொள்வதற்கும் நாளை அடுப்பில் கவனம் வைப்பதற்கும் உதவுவதே அங்கே நடக்கும் வேலை. அதையும் மீறி எவராவது, இனி அவரை மறந்துவிடுங்கள் என்று சொன்னால், அந்த நபரை மாற்றித் தரும்படி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், மந்திரத்தையோ செபத்தையோ மெதுவாக உருவேற்றுதல் போன்றவற்றையும் சேர்த்துக் கற்பிப்பார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக வலியுறுத்திவந்த முறை இது. எங்கள் பெண்களுக்குப் பழக்கமானவை என்பதால் விரைவில் ஒட்டிக்கொள்ளும். கோயிலுக்குப் போனால் போதும் என்று சொல்வதாக இதை விளங்கிக்கொள்ள வேண்டாம். மனச்சோர்வு ஆழமாக இருந்தால் மருந்து தேவைப்படும். அந்த மருந்துகள் தலையிடிக் குளிசை போல அன்றே கேட்பதில்லை, பயன் தெரியச் சில வாரங்கள் எடுக்கும். அதற்குள் நிறுத்திவிடுகிறவர்களே அதிகம்.

பதில் 3: வவுனிக்குளம்

தாதி அம்மா எழுதியது எல்லாம் உண்மை. ஆனால் கிளினிக்குக்குப் போகிறவனுடைய பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதையும் ஒருவர் எழுத வேண்டும். நான் கூலி வேலை செய்பவன், முன்னாள் போராளி, சில ஆண்டுகளாக இப்படியொரு கிளினிக்குக்குப் போய் வருகிறேன். வைத்தியம் இலவசம்தான். பேருந்துக் காசும் அன்றைய கூலியும் இலவசமில்லை. காலை முதல் பேருந்தைத் தவறவிட்டால் நம்பர் துண்டு பின்னுக்குப் போய்விடும், துண்டு பின்னுக்குப் போனால் திரும்பும் பேருந்தும் தவறிவிடும். அக்கா இடியப்பம் கொடுக்கிறவர் என்றால், கிளினிக் நாளுக்கு முதல்நாளே கடைக்காரருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

நான் முதலில் போன இடத்தில், பெயரைச் சொல்ல விரும்பவில்லை, ஒரே அறையில் இரண்டு மேசைகள் இருந்தன. நான் என் கதையைச் சொல்ல, பக்கத்து மேசையில் இருந்தவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பல மாதங்கள் நான் மருந்து மட்டும் எடுத்தேன், வாய் திறக்கவில்லை. பின்னர் வந்த ஒரு பெண் உத்தியோகத்தர்தான் என்னைக் கட்டடத்துக்குப் பின்னால் வேப்பமரத்துக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைப் போட்டு இருத்தி, இங்கே கதைக்கலாம் அண்ணா என்றார். எனக்கு அன்றுதான் சிகிச்சை தொடங்கியது. ஆகவே தனியறை இல்லையென்றால் தனியான இடம் கேளுங்கள், தருவார்கள்.

மருந்து பற்றி ஒரு சொல். 2022இல் பொருளாதாரம் படுத்தபோது வைத்தியசாலையில் சில மருந்துகள் இல்லாமற்போய், வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். அப்படி நேர்ந்தால், விலை அதிகம் என்று மருந்தை நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள், அதே வேலையைச் செய்கிற, கையிருப்பில் உள்ள வேறொன்றை எழுதித் தரக்கூடும். அரச மருந்தகமான ஒசுசலவிலும் விசாரிக்கலாம்.

இரவில் தாங்க முடியாமற்போனால் 1926 என்ற இலக்கம் இருக்கிறது, அங்கொடைத் தேசிய மனநல நிறுவகத்தினுடையது, எந்த நேரத்திலும் எடுக்கலாம். எடுத்தவுடனே தமிழில் கதைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததை வைத்தியரிடம் சொன்னால் பொலிஸ் வரும் என்று எங்கள் பக்கத்தில் இன்றும் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அந்த எண்ணம் எப்போதாவது வந்திருந்தால் அக்கா அதைத் துணிந்து சொல்லலாம்.

பதில் 4: டோர்ட்முண்ட் வாசி

நான் புதுக்குடியிருப்பில் பிறந்து ஜெர்மனியில் வாழ்பவள். காப்புறுதி என்ற சொல்லைப் பார்த்து உள்ளே வந்தேன். இங்கே சட்டபூர்வ மருத்துவக் காப்புறுதி உள்ள எவருக்கும் உளச்சிகிச்சைச் செலவை முழுதாகக் காப்புறுதியே கொடுக்கிறது. குறுங்காலச் சிகிச்சை என்றால் 12 அமர்வுகள், தேவைப்பட்டால் இன்னும் 12. 116117 என்ற இலக்கத்துக்கு அழைத்து முதல் சந்திப்பைக் கேட்கலாம். கேட்க இனிமையாக இருக்கிறதல்லவா? முதல் சந்திப்பு கிடைத்த பிறகு உண்மையான சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தடை, மொழிபெயர்ப்பாளருக்கான செலவைக் காப்புறுதி பொதுவாக ஏற்பதில்லை. போரின் இறுதி நாட்களில் என் அம்மா முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த கதையை ஜெர்மன் மொழியில் யாரிடம் போய்ச் சொல்வார்? அவருக்குக் காப்புறுதி அட்டை கையில் இருக்கிறது, கதைக்க ஆள் இல்லை. உங்கள் அக்காவுக்குத் தன் மொழியிலேயே, அந்த மண்ணை அறிந்த ஒருவரிடம் கதைக்க வாய்ப்பிருக்கிறது. வரிசை நீளம் என்பதற்காக அதைக் கைவிட வேண்டாம்.

வெளிநாட்டிலிருக்கும் உறவினர்கள் உதவ விரும்பினால், தனியார் அமர்வுக்குக் கட்டணம் அனுப்புவதைவிட, கிளினிக் நாளுக்கான ஆட்டோக் காசையும் அன்று இழக்கும் வருமானத்தையும் பொறுப்பெடுக்கச் சொல்லுங்கள். சின்னத் தொகைதான், ஆனால் தொடர்ந்து போவதை அதுதான் நடத்திவைக்கும். இணையவழியில் உளவளத்துணை தருகிறோம் என்று காசு கேட்பவர்களிடம், எங்கே பயின்றார்கள், யாருடைய மேற்பார்வையில் பணி செய்கிறார்கள் என்று கேட்காமல் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். இங்கே சில குடும்பங்கள் அனுப்பிவிட்டுக் கவலைப்படுகின்றன.

கேட்டவர்: தண்ணிமுறிப்பு

எல்லோருக்கும் நன்றி. தாதி அம்மா எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். மரணச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள் என்ற இடத்தை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். முதலில் பிரதேச செயலகத்துக்குப் போவோம், அங்கே சரிவராவிட்டால் மாஞ்சோலைக்குப் போவோம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு கேள்விகள் மீதியிருக்கின்றன. அங்கே கதைப்பவை எழுதி வைக்கப்படுமா, அவை கிராம அலுவலர் வரை போகுமா? நான் உள்ளே கூட இருக்கலாமா?

பதில்: ஓய்வுபெற்ற தாதி

எழுதி வைப்பார்கள், ஏனெனில் அடுத்த முறை வேறொருவர் பார்க்க நேர்ந்தாலும் சிகிச்சை தொடர வேண்டும். வைத்தியசாலைக் கோவை வைத்தியசாலைக்குள் இருக்க வேண்டியது, கிராம அலுவலருக்கு அதைப் பார்க்கும் உரிமை இல்லை. பிரதேச செயலகத்தில் வேலை செய்பவர்கள் ஒரே ஊராராக இருக்கக்கூடும் என்பதால், முதல் நாளிலேயே அந்த உத்தியோகத்தரிடம், நான் சொல்வது இந்த அறையைத் தாண்டுமா என்று அக்காவே நேராகக் கேட்கட்டும். நல்லவர்கள் அந்தக் கேள்வியை மதிப்பார்கள். உயிராபத்து இருக்கிறது என்று தோன்றினால் மட்டும் குடும்பத்தாருக்கோ வைத்தியருக்கோ அறிவிப்போம் என்று அவர்கள் விளக்குவார்கள், அது நியாயமான விதிவிலக்கு.

நீங்கள் முதல் நாள் கூடப் போங்கள். நித்திரை, சாப்பாடு, எப்போது தொடங்கியது ஆகியவற்றை நீங்கள் சொன்னால் உதவியாக இருக்கும். அதன் பிறகு எழுந்து வெளியே வந்துவிடுங்கள், அழைக்காமல் உள்ளே போக வேண்டாம். தங்கைக்கு முன்னால் அழக்கூடாது என்று பல ஆண்டுகள் பழகிய அக்கா நீங்கள் அங்கே இருக்கும்வரை அழ மாட்டார். வெளியே வந்த பின் என்ன கதைத்தாய் என்றும் கேட்க வேண்டாம்.

ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்துக்குப் போவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, அந்த உத்தியோகத்தர் அன்று பணிமனையில் இருக்கிறாரா, வெளிக்களத்தில் நிற்கிறாரா என்று கேளுங்கள். பொதுமக்கள் தினத்தில் கூட்டம் அலைமோதும், வேறொரு நாளைத் தெரிவு செய்யுங்கள். இடியப்ப வேலை முடிந்து பத்து மணியளவில் போகும்படி நேரம் கேட்டால், ஒரு நாள் வருமானமும் தப்பும்.